ஏ.சி. ஓடும்போதே பதிவு செய்யலாம்: சேலத்திலும் ஏற்காட்டிலும் ஒலிப்பதிவுக் கூடம் அமைப்போருக்கு

மைக், மானிட்டர் ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் என்று பட்டியல் போட்டு எல்லாவற்றையும் வாங்கி முடித்த பிறகுதான் பலருக்கும் ஏ.சி.யின் நினைவு வருகிறது. அதற்குள் சுவரில் ராக்வூல் என்ற கல் இழைப் பஞ்சை அடைத்து, ஜிப்சம் போர்டு அடித்து, மேலே துணியும் போர்த்தியாகிவிடும். பிறகு ஒருவர் வந்து சுவரைத் துளைத்து ஒரு ஸ்பிளிட் ஏ.சி.யை மாட்டிவிட்டுப் போவார். அன்றிலிருந்து அந்த அறையில் பாடுகிறவர் யாராக இருந்தாலும் அவரோடு ஏ.சி.யின் இரைச்சலும் சேர்ந்தே பதிவாகும். சேலத்துச் சித்திரை வெயிலில் ஏ.சி.யை நிறுத்திவிட்டுப் பாடச் சொல்வதும் நடக்காத காரியம்.

1930-களிலேயே மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டூடியோ ஏற்காடு சாலையில் இயங்கிய ஊர் இது. இன்று அஸ்தம்பட்டியிலும் ஃபேர்லேண்ட்ஸிலும் வீட்டு மாடி அறைகளில் பக்திப் பாடல், ஒலிநூல், டப்பிங், பேட்டி என்று பதிவுகள் நடக்கின்றன. அந்த அறைகளை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். என் கருத்து இதுதான்: ‘சைலண்ட்’ என்று பெட்டியில் அச்சடித்த ஏ.சி.யைத் தேடுவதைவிட, காற்றை மெதுவாக அனுப்புவதற்கும் இயந்திரத்தை அறையிலிருந்து தள்ளி வைப்பதற்கும் செலவு செய்யுங்கள். அமைதி அங்கிருந்துதான் கிடைக்கும்.

முதல் வேலை: ஏ.சி. இல்லாத அறை எவ்வளவு அமைதி?

அறையில் மின்விசிறி, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பாடகர் நிற்கும் இடத்தில் உங்களிடம் உள்ள நல்ல கண்டென்சர் மைக்கை வைத்து, வழக்கமாகப் பாட்டுக்கு வைக்கும் அதே அளவில் ஒலிவாங்கும் குமிழை (கெய்ன்) வைத்து, ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். காலையில் ஒருமுறை, மாலை நெரிசலில் ஒருமுறை, நள்ளிரவில் ஒருமுறை செய்தால் போதும். இந்தப் பதிவுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், பிற்பாடு ஏ.சி. போட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க இவைதான் அளவுகோல். கைபேசியில் இறங்கும் டெசிபல் செயலிகளை நம்ப வேண்டாம். 30 டெசிபலுக்குக் கீழே அவை காட்டுவதில் பெரும்பகுதி கைபேசியின் சொந்த இரைச்சல்தான்.

அம்மாப்பேட்டையில் விசைத்தறிக்கு அடுத்த வீடு, சூரமங்கலத்தில் ரயில் பாதையை ஒட்டிய தெரு, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைக்கு மேல்மாடி என்றால், ஏ.சி.க்குச் செலவிடும் முன் கதவுக்கும் ஜன்னலுக்கும் செலவிடுங்கள். தறிச் சத்தம் 35 டெசிபல் அளவில் உள்ளே வந்துகொண்டிருக்கும் அறையில் 20 டெசிபல் ஏ.சி. மாட்டி என்ன பயன்?

ஒலிப்பதிவுக் கூடங்களின் பின்னணி இரைச்சலை ‘என்.சி.’ என்ற அளவில் சொல்வார்கள். ஒவ்வொரு அலைவரிசைக்கும் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வகுத்த வளைவு அது. இசைப் பதிவுக்கு என்.சி. 15 முதல் 20 வரை இலக்கு. பேச்சு, டப்பிங், பேட்டி போன்றவற்றுக்கு 20 முதல் 25 வரை இருந்தாலும் சமாளிக்கலாம். சாதாரண டெசிபல் மீட்டரில் இந்த எண்ணைவிடச் சுமார் 5 முதல் 7 வரை கூடுதலாகக் காட்டும். கடையில் கிடைக்கும் நல்ல ஸ்பிளிட் ஏ.சி.யின் விவரத்தாளில் 19, 21, 26 டெசிபல் என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அது மின்விசிறியை மிகக் குறைந்த வேகத்தில் வைத்து, எதிரொலி இல்லாத சோதனை அறையில் அளந்தது. மே மாதப் பிற்பகலில் அந்த வேகத்தில் அறை குளிராது. வேகத்தைக் கூட்டினால் அதே ஏ.சி. 40 டெசிபலைத் தொடும்.

‘பின்னணியில் கொஞ்சம் ‘ஸ்ஸ்’ இருந்தால் மென்பொருளில் எடுத்துவிடலாமே’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே அறையில் பதினாறு டிராக் பதிவு செய்து ஒன்றாக ஒலிக்கவிட்டால், அறையின் இரைச்சல் ஒரு டிராக்கில் இருப்பதைவிட 12 டெசிபல் கூடிவிடும். அதன் மேல் குரலைச் சமன்படுத்தும் கம்ப்ரஸர் போட்டால் வரிகளுக்கு இடையே உள்ள அமைதியெல்லாம் மேலே எழும். மென்பொருள் அந்த இரைச்சலை உருவும்போது தம்புராவின் நாதம் தேய்ந்து மறையும் நுனியும், பாடகரின் மூச்சும் சேர்ந்தே அரிபடும். இசையில் அந்த நுனிக்குத்தான் நான் அதிக மதிப்பு கொடுப்பேன்.

எத்தனை டன்? கணக்கை நீங்களே போடுங்கள்

அளவு பார்க்க வருகிறவர் சதுர அடியை மட்டும் பார்த்துவிட்டு, “ஒன்றரை டன் போட்டுவிடலாம் சார், எதற்கும் நல்லது” என்பார். வீட்டு அறைக்கு அது சரி. ஸ்டூடியோவின் கணக்கு வேறு. ராக்வூல் அடைத்த சுவர் வெளிவெப்பத்தையும் தடுக்கிறது. அதனால் வெயிலைவிட உள்ளிருக்கும் மனிதர்களும் கருவிகளும்தான் அதிகம் சூடேற்றுகின்றன.

12-க்கு 12 அடி, 9 அடி உயரம் உள்ள அறையில் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெளிவிடும் வெப்பம் சுமார் 115 வாட், நால்வருக்கு 460. கம்ப்யூட்டர், திரைகள், ஸ்பீக்கர் எல்லாம் சேர்த்து 500. எல்.இ.டி. விளக்குகளுக்கு 60. வெளியிலிருந்து வரும் புதுக்காற்றை 38 டிகிரியிலிருந்து 24-க்குக் குளிர்விக்க 540. கூரைக்கும் சுவருக்கும் 900 என்று வையுங்கள். காற்றின் ஈரத்தைப் பிழிந்தெடுக்க இன்னும் 400 சேர்த்தால் மொத்தம் 2,900 வாட் அளவில் நிற்கும். ஒரு டன் என்பது சுமார் 3,500 வாட். ஆக ஒரு டன் போதும். ஆனால் ஒன்று: ஏ.சி.யின் திறனை வெளியே 35 டிகிரி இருக்கும்போது அளக்கிறார்கள். 40 டிகிரியில் அது சற்றுக் குறையும். அதற்கு இந்த மிச்சம் ஈடுகொடுக்கும்.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையாக இருந்தால் கூரைக்கும் சுவருக்கும் நான் போட்ட 900 பத்தாது. அங்கே டன்னைக் கூட்டுவதற்கு முன் மாடித் தளத்துக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சோ வெள்ளை ஓடோ போடுங்கள். ஏ.சி.யின் வேலை குறைந்தால் அதன் சத்தமும் குறைகிறது.

தேவைக்கு மேல் பெரிய ஏ.சி. வாங்கினால் என்ன ஆகும்? இன்வெர்ட்டர் (கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வசதி) இல்லாத பழைய வகையாக இருந்தால், சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும்; ஈரத்தை எடுக்க நேரம் கிடைக்காது; அறை சில்லென்று பிசுபிசுக்கும். நின்று நின்று ஓடும் ஒவ்வொரு தடவையும் ‘டக்’ என்ற சத்தம் பதிவில் விழும். இன்வெர்ட்டர் வகையில் கதை வேறு. சற்றே பெரிய இயந்திரத்தைக் குறைந்த வேகத்தில் விடாமல் ஓட்டுவது, சிறியதை முழுவேகத்தில் விரட்டுவதைவிட அமைதியானது. ஆனால் அது எவ்வளவு கீழே இறங்கும் என்பதை விவரத்தாளில் பார்க்க வேண்டும். ‘குறைந்தபட்சத் திறன்’ என்ற வரியில் ஆயிரம் வாட் அளவுக்கு இறங்கும் என்று இருந்தால் வாங்கலாம். அந்த வரியே இல்லாத விவரத்தாளை நான் நம்ப மாட்டேன்.

எந்த வகை?

ஏர் கூலரை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். சேலத்து வறண்ட கோடைக்கு அது நன்றாகக் குளிர்விக்கும். ஆனால் ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், காற்று ஈரமாகும், விசிறி அலறும். ஜன்னல் ஏ.சி.யும் வேண்டாம், ஏ.சி.யின் கம்ப்ரஸரையே அறைக்குள் கொண்டுவந்து வைப்பதற்குச் சமம். மேற்கூரையில் பதிக்கும் கேசட் வகை அலுவலகத்துக்கு உகந்தது. அதன் காற்று நான்கு பக்கமும் சீறி வரும்.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, சுவரில் மாட்டும் இன்வெர்ட்டர் ஸ்பிளிட். பேட்டியும் டப்பிங்கும் மட்டும் நடக்கும் சிறிய அறைக்கு, பட்ஜெட் இறுக்கமாக இருந்தால், இதுவே போதும். பாடுவதற்கு முன் அறையை 22 டிகிரிக்குக் குளிர்வித்து, பதிவின்போது மிகக் குறைந்த வேகத்துக்கு இறக்கலாம். அல்லது நிறுத்தியும் விடலாம். ஆனால் நிறுத்தினால் எவ்வளவு நேரம் தாங்கும்? மேலே சொன்ன அறையில் இருக்கும் காற்று சுமார் 43 கிலோ. நாலு பேரும் கருவிகளும் சேர்ந்து 700 வாட் வெப்பத்தை அந்தக் காற்றுக்கு மட்டும் கொடுத்தால், நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். சுவரும் தரையும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்வதால் நடைமுறையில் அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனாலும் ராக்வூலும் துணியும் மூடிய சுவர், வெறும் செங்கல் சுவர் போல வெப்பத்தை வாங்கிக்கொள்ளாது. ஒரு பாட்டு தாங்கும். ராக ஆலாபனையோடு விரியும் கீர்த்தனை தாங்காது. இந்த முறையில் வேலை செய்பவர்கள் தரையைக் கம்பளத்தால் முழுக்க மூடாமல், கொஞ்சம் இடத்தைக் கல்லாகவோ டைல்ஸாகவோ விட்டுவையுங்கள். குளிரைத் தேக்கி வைக்க அது உதவும்.

இரண்டாவது, டக்டபிள் ஸ்பிளிட். இதன் உள் இயந்திரத்தை ஸ்டூடியோவுக்கு வெளியே, நடைபாதைக்கோ குளியலறைக்கோ மேலுள்ள பரணில் ஒளித்து வைத்து, அங்கிருந்து காற்றுக்குழாய் வழியாகக் குளிர்ந்த காற்றை உள்ளே அனுப்புகிறோம். செலவு அதிகம், வேலையும் அதிகம். இசைக்காகக் கூடம் கட்டுகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். சிறிய கொள்ளளவில் எல்லாக் கடைகளிலும் இருப்பில் இருக்காது. முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டியிருக்கும். வாங்கும்போது அதன் விசிறி எவ்வளவு அழுத்தத்தில் காற்றைத் தள்ளும் என்று கேளுங்கள். 10, 20 பாஸ்கல் என்றால் நீளமான, உள்ளே பஞ்சு ஒட்டிய குழாயில் காற்று நகராது. 50 பாஸ்கலுக்கு மேல் தேவை.

காற்றுக்குழாய்: இங்கே அவசரப்பட வேண்டாம்

குழாயிலும் அதன் வாயிலும் காற்று எழுப்பும் ஓசை, வேகத்தைப் பொறுத்துத் தாறுமாறாக ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் இரைச்சல் 15 முதல் 18 டெசிபல் வரை விழுந்துவிடும். விலை உயர்ந்த எந்த ஏ.சி.யும் இந்த அளவு லாபத்தைத் தராது. வெறும் தகரத்தின் அளவைக் கூட்டினாலே கிடைக்கும் லாபம் இது.

கணக்கு எளிது. ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று ஓடும். ஸ்டூடியோவின் காற்றுவாயில் வேகம் நிமிடத்துக்கு 250 அடியைத் தாண்டக்கூடாது என்று வையுங்கள். 400-ஐ 250-ஆல் வகுத்தால் 1.6 சதுர அடி. 12 அங்குலத்துக்கு 10 அங்குலம் என்ற அளவில் இரண்டு வாய்கள் வைத்தால் சரியாக வரும். காற்று திரும்பிப் போகும் வழிக்கும் இதே அளவோ அதைவிடப் பெரிதோ வேண்டும். திரும்பும் வழியைச் சின்னதாக விட்டுவிடுவதுதான் பெரும்பாலான அறைகளில் கதவிடுக்கு விசிலடிப்பதற்குக் காரணம்.

தகர வேலை செய்பவரிடம் அளவு சொல்லும்போது உள்ளளவு என்று அழுத்திச் சொல்லுங்கள். உள்ளே ஒரு அங்குலப் பஞ்சு நாலு பக்கமும் ஒட்டினால் 12-க்கு 10 என்பது 10-க்கு 8 ஆகிவிடும். பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், வேகம் ஒன்றரை மடங்காகும். ஆகவே வெளியளவு 14-க்கு 12.

பஞ்சு என்பது கண்ணாடி இழைக் கம்பளியாக இருந்தால் மேலே கறுப்புத் திசுத்துணி ஒட்டியதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் இழை பிரிந்து பாடகரின் தொண்டைக்கு வரும். திறந்த துளைகள் உள்ள ஒலியுறிஞ்சும் ரப்பர் நுரையும் நல்லது. குளிர் வெளியேறாமல் இருக்கக் குழாய்க்கு வெளியே சுற்றும் மூடிய நுரை ஒலியை உறிஞ்சாது. இரண்டும் பார்க்க ஒரே கறுப்பாக இருக்கும் என்பதால் கேட்டு வாங்க வேண்டும். இயந்திரத்திலிருந்து அறைக்கு வரும் பாதையில் இரண்டு வளைவுகளாவது இருக்கட்டும். நேராக வரும் குழாயைவிட, உள்ளே பஞ்சு ஒட்டிய வளைவு அதிகம் விழுங்கும். பஞ்சு விழுங்குவது ‘ஸ்ஸ்’ என்ற மேல் ஒலிகளை. விசிறியின் ‘ஹூம்’ என்ற அடி ஒலிக்கு இயந்திரத்தின் வாயருகே பஞ்சு ஒட்டிய பெரிய பெட்டி ஒன்றை வைத்து, அதற்குள் காற்று விரிந்து அடங்கிப் பிறகு குழாய்க்குள் போகும்படி செய்ய வேண்டும். இயந்திரத்துக்கும் குழாய்க்கும் நடுவே தகரம் தகரத்தைத் தொடக்கூடாது. கேன்வாஸ் துணி இணைப்பு போடச் சொல்லுங்கள்.

காற்றைக் கூட்டிக் குறைக்கும் தடுப்புப் பலகையை வாயருகே வைப்பது பொதுவழக்கம். கைக்கு எட்டும் என்பதற்காக அப்படி வைக்கிறார்கள். அது பாதி மூடியிருக்கும்போது அந்த இடுக்கில்தான் காற்று சீறும். அதை இயந்திரத்தின் பக்கம், பஞ்சுக் குழாய் தொடங்கும் முன்பே வைத்துவிட வேண்டும். வாயில் போடும் அலங்காரக் கம்பிச் சட்டத்தையும் முடிந்தால் தவிருங்கள்.

பாடகர் அறைக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் ஒரே இயந்திரம் என்றால் இரண்டுக்கும் குழாயை இயந்திரத்தின் அருகிலேயே பிரித்து, தனித்தனியாகக் கொண்டுவாருங்கள். வழியில் பிரித்தால், கட்டுப்பாட்டு அறையில் பேசுவது குழாய் வழியாகப் பாடகரின் மைக்கில் கேட்கும்.

புதுக்காற்று

ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுழற்றுகிறது. ஒலி கசியாமல் இறுக்கி அடைத்த அறையில் நாலு பேர் ஒரு மணி நேரம் இருந்தால், வெளியே பத்து லட்சத்தில் 420 பங்காக இருக்கும் கரியமில வாயு உள்ளே சுமார் 2,400 பங்காகிவிடும். தலைபாரம், கொட்டாவி, சுருதி இறங்குவது எல்லாம் அதற்குப் பிறகு வரும். பாடகர் சோர்ந்துவிட்டார் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

ஆளுக்கு வினாடிக்கு 8 லிட்டர் புதுக்காற்று கணக்கு. நால்வருக்கு 32 லிட்டர். வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அனுப்ப 7 அங்குலத்துக்கு 7 அங்குலத் திறப்பு போதும். ஆனால் அந்தத் திறப்பின் வழியே தெருவும் உள்ளே வரும். அதனால் தச்சரிடம் சொல்லி, கனமான பிளைவுட்டை இரண்டு அடுக்காக வைத்து ஒரு பெட்டி செய்து, உள்ளே இரண்டு அங்குலப் பஞ்சு ஒட்டி, காற்று மூன்று தடவை திரும்பி வரும்படி தடுப்புகள் வைக்கச் சொல்லுங்கள். காற்று உள்ளே வர இப்படி ஒரு பெட்டி, வெளியேற இன்னொன்று. சிறிய குழாய் விசிறியைப் பெட்டியின் வெளிமுனையில் வைத்து, காற்றை உள்ளே தள்ளும்படி அமைத்தால் கதவிடுக்கு வழியே தூசி வராது. சாதாரண மின்விசிறி ரெகுலேட்டரால் அதன் வேகத்தைக் குறைத்தால் மோட்டார் ரீங்காரமிடும். வேகத்தை மின்னணு முறையில் மாற்றக்கூடிய மோட்டார் உள்ள விசிறியாக வாங்குங்கள்.

மெக்கானிக் வரும் நாளில் கூடவே நில்லுங்கள்

நல்ல இயந்திரம் கெட்டுப்போவது பெரும்பாலும் மாட்டுகிற நாளில்தான். “அவுட்டோரை இந்தச் சுவருக்கு வெளியிலேயே ஸ்டாண்டு அடித்து மாட்டிவிடலாம் சார், பைப் மிச்சம்” என்பார். மறுத்துவிடுங்கள். அவுட்டோர் எனும் வெளிப்பெட்டியில் உள்ள கம்ப்ரஸரின் அதிர்வு இரும்பு ஸ்டாண்டு வழியாகச் சுவருக்கு வந்தால், அந்தச் சுவரே ஒலிபெருக்கிப் பலகையாகிவிடும். பைப்புக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்து, தரையில் தனி கான்கிரீட் மேடை கட்டி, கனமான ரப்பர் திண்டுகள் மேல் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 55 டெசிபல் என்றால் நாலு மீட்டரில் 43. மேற்கு வெயில் படாத இடமாகவும் காற்று தாராளமாக ஓடும் இடமாகவும் இருக்க வேண்டும். தகரக் கொட்டகை மேல் ஒருபோதும் வைக்க வேண்டாம். பக்கத்து வீட்டார் படுக்கையறை ஜன்னலையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேலத்தில் வீடுகள் ஒட்டியே நிற்கின்றன.

அடுத்தது சுவரில் போடும் துளை. இரண்டரை, மூன்று அங்குலத் துளையில் செம்புக் குழாய்களையும் வயரையும் நுழைத்துவிட்டு, மிச்ச இடத்தைக் கொஞ்சம் வெள்ளைச் சிமெண்டாலோ நுரையாலோ பூசிவிட்டுப் போவார்கள். பத்து அங்குலச் சுவர் எவ்வளவு தடுத்தாலும் அந்த ஓட்டை அத்தனையையும் வீணாக்கிவிடும். துளையை வெளிப்பக்கம் சரிவாகப் போடச் சொல்லுங்கள். குழாயை ரப்பர் உறையில் சுற்றி, சுவரைத் தொடாமல் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் ராக்வூலைத் திணித்து, இரு முனைகளிலும் இறுகிக் காய்ந்துபோகாத, நெகிழ்வாகவே இருக்கும் ஒலித்தடுப்புப் பசையால் மூடுங்கள். தண்ணீர் வடியும் குழாய்க்குச் சரிவு முழுக்கச் சீராக இருக்கட்டும். நடுவே தொய்ந்தால் தண்ணீர் தேங்கி ‘களக் களக்’ என்று கேட்கும். செம்புக் குழாய் மிகக் குட்டையாக இருந்தாலும் கேஸ் ஓடும் சத்தம் உள்ளே கேட்கும். தயாரிப்பாளர் சொல்லும் குறைந்தபட்ச நீளத்தைக் கேட்டு அதற்குக் குறையாமல் வையுங்கள்.

இப்போது பெரும்பாலான ஏ.சி.களில் வரும் ஆர்32 கேஸ் லேசாகத் தீப்பற்றக்கூடியது. சிலவற்றில் வரும் ஆர்290 நன்றாகவே பற்றும். காற்றோட்டம் இல்லாத சின்ன அறைக்கு இது முக்கியம். இணைப்புகளை முடிந்தவரை வெளியே வைத்து, வெற்றிட பம்ப் போட்டுக் கசிவு சோதித்த பிறகே கேஸைத் திறக்கச் சொல்லுங்கள்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். ஏ.சி.க்குத் தனி பேஸ், தனி வயர். மைக் கேபிள்களுக்குப் பக்கத்தில் அதை ஓட்டக்கூடாது. குறுக்கே போயே தீர வேண்டும் என்றால் செங்குத்தாகக் கடக்கட்டும். ஸ்டெபிலைசரைக் கூடத்துக்கு வெளியே மாட்டுங்கள். அதன் ரிலே ‘கிளிக்’ என்பதும், டிரான்ஸ்பார்மர் முனகுவதும் அமைதியான பல்லவிக்கு நடுவில் தெளிவாகக் கேட்கும்.

வாத்தியங்களுக்கும் உடம்பு உண்டு

டிகிரி எவ்வளவு வைப்பது? 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி ஆணை உள்ளது. ஸ்டூடியோவுக்கும் 24, 25 சரியான அளவு. ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. ஒரு சின்ன ஈரப்பத மானியை வாங்கிச் சுவரில் மாட்டிவிடுங்கள்.

மிருதங்கக்காரர் உட்கார்ந்ததும் ஏ.சி. காற்று எங்கே விழுகிறது என்று பாருங்கள். வறண்ட குளிர்காற்று நேராக விழுந்தால் தோல் இறுகி வலந்தலையின் (வலப்பக்க முகத்தின்) சுருதி ஏறும். தொப்பியில் (இடப்பக்க முகத்தில்) அப்பிய ரவை சீக்கிரம் உலர்ந்து கும்கி என்ற அடிநாதம் கம்மிப்போகும். ஒவ்வொரு பாட்டுக்கு இடையிலும் அவர் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தட்டிக்கொண்டிருப்பார். நேரம் போவது ஒருபுறம், முதல் பாட்டில் எடுத்ததையும் மூன்றாவதில் எடுத்ததையும் சேர்த்து ஒட்டவும் முடியாது. காற்றுவாயைச் சுவரை நோக்கித் திருப்பி, காற்று சுவர் வழியே இறங்கி வரும்படி செய்யுங்கள். வீணைக்கு இதற்கு நேர்மாறாகச் சூட்டால் ஆபத்து உண்டு: அதன் மெட்டுகள் (தந்திக்குக் கீழே உள்ள உலோகக் கம்பிகள்) மெழுகில் பதிந்தவை. கத்திரி வெயிலில் ஏ.சி.யை நிறுத்திப் பூட்டிவிட்டுப் போன மாடி அறையில் அந்த மெழுகு இளகும். வீணை உள்ளே இருக்கும் இரவுகளில் ஏ.சி.யை 28-இலாவது ஓடவிடுங்கள்.

ஏற்காட்டில் கணக்கு தலைகீழ்

இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டால் குளிர்விப்பதைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆனால் சேர்வராயன் மலைப் பனிமூட்டம் ஜன்னல் திறந்தால் உள்ளே நடந்து வரும். அங்கே எதிரி ஈரம். துணிக்குப் பின்னால் அடைத்த ராக்வூலில் பூஞ்சை பிடித்தால் அறை முழுக்க மக்கிய நெடி வரும். கண்டென்சர் மைக்கின் மெல்லிய தகட்டில் ஈரம் படிந்தால் ‘பட் பட்’ என்று வெடிக்கும்.

மார்கழி, தை இரவுகளில் வெளியே 15 டிகிரிக்குக் கீழே இறங்கும். ஈரம் முழுதாக நிறைந்த 15 டிகிரிக் காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினாலே ஈரப்பதம் 65 விழுக்காடு அளவுக்கு வந்துவிடும். மிச்சத்தை ஈரமுறிஞ்சும் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதிலும் கம்ப்ரஸரும் விசிறியும் உண்டு. பதிவு தொடங்கும் வரை ஓட்டி நிறுத்துங்கள், அல்லது பக்கத்து அறையில் வைத்துக் குழாய் வழியாக இணையுங்கள். அது வெளிவிடும் இளஞ்சூடு மலையில் வரவேற்கத்தக்கதே.

சூடாக்க, விசிறி உள்ள ஹீட்டர் எதுவும் வேண்டாம். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் 1,500 வாட் ஒன்று போதும். சூடேறும்போதும் ஆறும்போதும் அதன் தகரம் ‘டிக் டிக்’ என்று விரிந்து சுருங்கும். ஒரு மணி நேரம் முன்பே போட்டு, பதிவுக்கு முன் நிறுத்திவிடுங்கள். நாலு பேரும் கருவிகளும் உள்ளே வந்த பிறகு அறை தானே கதகதப்பாக இருக்கும். ஆண்டு முழுக்க வேலை நடக்கும் கூடம் என்றால் சூடும் குளிரும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்குங்கள், மலையின் மிதமான குளிரில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தரும். சேலத்துக்குச் சொன்ன குழாய், துளை, மேடை விதிகள் அங்கும் அப்படியே. மைக்குகளைச் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகாப் பெட்டியில் வையுங்கள். சேலத்து ஏ.சி. அறையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு மலையேறினால், பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அறையில் வைத்துவிட்டுப் பிறகு திறக்க வேண்டும்.

காசு கொடுக்கும் முன்

வேலை முடிந்ததும் முதல் நாள் எடுத்த அதே அமைப்பில், அதே மைக், அதே அளவில், மூன்று பதிவுகள் எடுங்கள்: ஏ.சி. நின்றிருக்கும்போது, குறைந்த வேகத்தில், பிற்பகல் மூன்று மணி வெயிலில் வழக்கமான வேகத்தில். ஹெட்ஃபோனில் கேட்பதோடு அலைவரிசைப் படத்தையும் பாருங்கள். 50, 100 ஹெர்ட்ஸில் கூரான முள் நின்றால் அது மோட்டாரோ டிரான்ஸ்பார்மரோ எங்கோ அறையைத் தொடுகிறது. மேல் வரிசையில் அகலமான மேடு என்றால் காற்றின் வேகம். ஒரே ஒரு அலைவரிசையில் விசில் என்றால் தடுப்புப் பலகையையோ சட்டத்தையோ கழற்றிப் பாருங்கள். எந்தச் சத்தம் எங்கிருந்து என்று சொல்லத் தெரிந்துவிட்டால், மெக்கானிக்கிடம் பேசுவதும் எளிது. மீதித் தொகையை இந்தப் பதிவுகள் கேட்ட பிறகே கொடுப்பேன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பிறகு வடிகட்டி. தறி நெசவு உள்ள பகுதிகளில் பஞ்சுத் தூசு இரண்டு வாரத்தில் அதை அடைத்துவிடும். அடைத்த வடிகட்டியில் விசிறி திணறும், வேகம் கூடும், நீங்கள் செலவழித்து வாங்கிய பத்து டெசிபல் அமைதி மெல்ல மெல்லத் திரும்பிப் போய்விடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். டக்டபிள் இயந்திரம் பரணில் இருப்பதால், வடிகட்டியைக் கழற்ற ஏணி வைத்து எட்டும்படி ஒரு கதவை முதலிலேயே தச்சரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். ஜிப்சம் போர்டு அடித்த பிறகு கேட்டால் வெட்டித்தான் திறக்க வேண்டியிருக்கும்.